காதும் காதும் வைத்தாற்போல்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கும் சீசன் தொடங்கிவிடும். பேரருவியில் நின்றவர், ஐந்தருவியில் நின்றவர், இரண்டும் போதாமல் பழைய அருவிக்கும் போய் வந்தவர் என்று ஆளுக்கொரு கையால் காதைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் முக்கால்வாசி காதுதான். மூக்கும் தொண்டையும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கே: பேரருவியில் மூன்று நாள் ஆசைதீரக் குளித்தேன். நான்காம் நாள் சட்டை மாட்டும்போது காலர் காதில் பட்டதும் உயிரே போய்விட்டது. அருவித் தண்ணீர் அவ்வளவு மோசமா?
— மூன்று நாள் குளித்தவர், விருதுநகர்

ப: அருவியை விடுங்கள். தலையில் விழுந்தது அருவி. அதன்பிறகு சுண்டுவிரலை விட்டு, துண்டு நுனியைத் திரித்து விட்டு, கடைசியில் ஹேர்பின்னையும் விட்டுக் குடைந்தது யார்?

காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரையுள்ள குழாய், பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, மீதி எலும்பு. அந்த எலும்பின்மேல் சதை, கொழுப்பு என்ற மெத்தை எதுவும் கிடையாது. மெல்லிய தோல் நேராக ஒட்டியிருக்கிறது. அதற்குக் காவல், நாம் அழுக்கு என்று திட்டுகிற குறும்பி. கொஞ்சம் பிசுக்கு, கொஞ்சம் அமிலத்தன்மை. தண்ணீர் ஒட்டாது, கிருமியும் லேசில் குடியேறாது. மணிக்கணக்கில் நனைந்தால் குறும்பி போய், தோல் ஊறிவிடும், நாளெல்லாம் துணி துவைத்தவர் விரல் நுனியைப்போல. அப்போது ஒரு கீறல் போதும். ஈரமுள்ள இடமெல்லாம் குடித்தனம் நடத்தும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உள்ளே போய்விடும். வீங்க இடமில்லாத எலும்புக் குழாய்க்குள் தோல் வீங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காலர் பட்டு வலித்தது நல்ல தடயம். காதுமடலை இழுத்தாலோ, துளைக்கு முன்னால் கதவுபோல நீட்டிக்கொண்டிருக்கும் குருத்தெலும்பை அமுக்கினாலோ வலி கூடினால் அது அநேகமாக வெளிக்காது. சளி பிடித்த பிள்ளை ராத்திரி காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, மடலை ஆட்டினால் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நடுக்காது. அங்கே பறை முழுசாக இருக்கும்வரை மேலே எத்தனை சொட்டு விட்டாலும் உள்ளே இறங்காது. பல்வலியும் டான்சில் வலியும்கூடக் காதில் வந்து நிற்பதுண்டு. அதற்குக் காதில் மருந்து விடுவது, பக்கத்து வீட்டுக்காரர் கடனுக்கு உங்கள் வீட்டை ஜப்தி செய்வதற்குச் சமம்.

கே: வலியில் துடித்துக்கொண்டு போனேன். ஊசி இல்லை, ஆன்டிபயாட்டிக் மாத்திரை இல்லை. ஒரு சின்னச் சொட்டு மருந்தும் பாராசிட்டமாலும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஃபீஸ் மட்டும் குறையவில்லை.
— ஊசிக்காகப் போனவர், திருநெல்வேலி

ப: ஃபீஸைப் பற்றி நான் பேசினால் சங்கத்தில் திட்டுவார்கள். மருந்தைப் பற்றிப் பேசலாம்.

சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து 0.3 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு மில்லியில் 3,000 மைக்ரோகிராம் என்று அர்த்தம். அதே மருந்தை 500 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கினால், ரத்தத்தில் அது உச்சத்தில் இருக்கும்போதுகூட ஒரு மில்லிக்கு இரண்டு, மூன்று மைக்ரோகிராம்தான். அதாவது ஆயிரம் மடங்கு வித்தியாசம். சொட்டு மருந்து கிருமியின் தலைமேலேயே இறங்குகிறது; மாத்திரை வயிற்றைக் கெடுத்துவிட்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, காதுக்கு வரும்போது காலிப் பையோடு வருகிறது. சிக்கலில்லாத வெளிக்காதுத் தொற்றுக்கு முதலில் சொட்டு மருந்துதான் என்று அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை அகாதெமி 2006-இலேயே வழிகாட்டுதல் கொடுத்து, 2014-இல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறது. தொற்று காதைத் தாண்டி மடலுக்கோ கன்னத்துக்கோ பரவினால், சர்க்கரையோ எதிர்ப்புச்சக்திக் குறைவோ இருந்தால், அப்போது மாத்திரை தேவைப்படும்.

பாராசிட்டமாலையும் குறைவாக நினைக்காதீர்கள். சொட்டு மருந்து வலியைக் குறைக்க இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதுவரை நீங்கள் தூங்க வேண்டாமா?

கே: ஒழுங்காக மூன்று வேளையும் போடுகிறேன். குணமாகவில்லை. மருந்து போலியா?
— சந்தேகப் பேர்வழி, ஆவடி

ப: இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் மருந்தைச் சோதிப்பதில்லை. "இங்கேயே ஒருதரம் போட்டுக் காட்டுங்க" என்பேன். போன வாரம் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கிளி கதை கேட்பதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பாட்டில் மூக்கைக் காதுக்குள் சொருகினார். பிதுக்கினார். உடனே நிமிர்ந்தார். வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "இப்படித்தான் சார் அஞ்சு நாளா" என்றார். அஞ்சு நாளாகச் சட்டைக் காலருக்கு நல்ல வைத்தியம் நடந்திருக்கிறது. காலருக்கு இனி ஒரு தொற்றும் வராது.

கையைக் கழுவிவிட்டு, பாட்டிலை உள்ளங்கைக்குள் மூடி ஓரிரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு வந்தால் போதும். வெந்நீரில் போட வேண்டாம், அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். 'குலுக்கவும்' என்று லேபிளில் இருந்தால் குலுக்குங்கள். பிறகு கட்டிலில் ஒருக்களித்துப் படுங்கள். வலிக்கிற காது மேலே பார்த்திருக்க வேண்டும். நீங்களே போடாதீர்கள், வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். தன் காதைத் தானே பார்க்கும் வரம் நமக்கு இல்லை. அவர் காதுமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுக்க வேண்டும். வளைந்த குழாய் அப்போதுதான் நேராகும். துளையின் நட்ட நடுவில் விடாமல், ஒரு பக்கச் சுவரோரமாகச் சொட்டுகளை இறக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் புட்டியில் புனல் வைத்து வாய் நிறைய ஊற்றினால் எண்ணெய் இறங்காமல் குமிழி விடும், பார்த்திருப்பீர்கள். காதிலும் அதே சங்கதிதான். உள்ளே இருக்கும் காற்று வெளியேறச் சந்து வேண்டும். பாட்டில் மூக்கு காதில் படவே கூடாது. பட்டால் காதின் கிருமி பாட்டிலுக்குள் குடிபோய், வேளை தவறாமல் திரும்பி வரும்.

விட்டபிறகு, துளைக்கு முன்னாலுள்ள அந்தக் குருத்தெலும்புக் கதவை நாலைந்து தரம் அமுக்கி அமுக்கி விடுங்கள். களக் களக் என்று ஒரு சத்தம் கேட்டால் மருந்து உள்ளே இறங்குகிறது. அப்படியே ஐந்து நிமிடம் படுத்திருங்கள். டி.வி.யில் ஒரு விளம்பர இடைவேளை அதைவிட நீளம். எழுந்ததும் வழிவதைத் துடைக்கலாம், பஞ்சை உள்ளே அடைக்க வேண்டாம். மருந்தைப் பஞ்சு குடித்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் மூன்று நாளில் வலி குறையவில்லை என்றால், அப்போது மருந்தைச் சந்தேகப்படலாம். முதலில் குழாய்க்குள் சீழும் தோலும் அடைத்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அடைப்பின்மேல் விட்ட மருந்து அடைப்புக்குத்தான் சொந்தம்.

கே: டாக்டர் காதுக்குள் திரி போட்டிருக்கிறார். நான் என்ன குத்துவிளக்கா?
— திரி போட்டவர், திருவாரூர்

ப: உங்கள் காதுக்குழாய் வீங்கி ஒட்டிப்போயிருக்கிறது. சொட்டு உள்ளே போக வழியில்லை. அதனால் ரிப்பன் துணியையோ, பஞ்சுபோல் விரியும் குச்சியையோ உள்ளே வைத்திருக்கிறார். நீங்கள் அதன் வெளிநுனியில் மருந்தை விட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது உள்ளே இழுத்துக் கொடுக்கும். காயவிடாதீர்கள். வீக்கம் வடிந்தால் ஓரிரு நாளில் தானாக நழுவி விழும், இல்லாவிட்டால் டாக்டர் எடுப்பார். நீங்கள் இழுக்க வேண்டாம். ஏற்றவும் வேண்டாம்.

கே: மருந்து விட்ட மறு நொடி அறையே சுற்றியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். மருந்து மூளைக்குப் போய்விட்டதா?
— சுற்றியவர், காரைக்குடி

ப: மூளைக்குப் போகவில்லை. பாட்டில் எங்கேயிருந்து வந்தது என்று யோசியுங்கள். ஏ.சி. அறை? ஃபிரிட்ஜ் கதவு?

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வெளிக்காதில் சில்லென்று ஏதாவது விழுந்தால், பக்கத்திலிருக்கும் குழலுக்குள்ளே உள்ள திரவம் குளிர்ந்து நகரும். தலை திரும்பாமலே, திரும்பியதாகச் சேதி போய்விடும். வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது இதைக் கவனித்தார். தண்ணீர் ஆறியிருந்தால் கண்கள் ஒரு திசையில் துடித்தன. சூடு அதிகமானால் எதிர்த் திசையில் துடித்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய், உள்காதைச் சோதிக்கும் முறையையே உருவாக்கினார். இன்றும் தலைசுற்றல் நோயாளிகளுக்கு அந்தச் சோதனை உண்டு. 1914-க்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குத்தான். அறிவிப்பு வந்த நேரத்தில் மனிதர் ரஷ்யர்களிடம் போர்க் கைதி.

நீங்கள் நோபல் பரிசு வாங்கிய சோதனையை ஓசியில் செய்துகொண்டிருக்கிறீர்கள். பாட்டிலை உள்ளங்கைச் சூட்டில் வைத்துப் போட்டும் சுற்றினால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். பறையில் ஓட்டை இருக்கலாம்.

கே: அப்படியானால் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாதா?
— கோடைவாசி, வேலூர்

ப: லேபிள் சொன்னாலொழிய வேண்டாம். வெண்டைக்காய்க்கு இடம் விடுங்கள்.

கே: போன வருஷம் அக்காவுக்கு வாங்கிய காது மருந்து பாதி பாட்டில் அப்படியே இருக்கிறது. காலாவதித் தேதி இன்னும் ஒரு வருஷம். இப்போது எனக்குக் காதுவலி. தூக்கிப்போட மனசு வரவில்லை.
— சிக்கனக்காரர், கும்பகோணம்

ப: முதலில் அக்காவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு மில்லி என்றால் சுமார் 20 சொட்டு. ஐந்து மில்லி பாட்டிலில் 100 சொட்டு. வேளைக்கு நாலு, நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்று டாக்டர் எழுதியிருந்தால் 84 சொட்டு செலவாகியிருக்க வேண்டும். பாதி பாட்டில் மிச்சம் என்றால் அக்கா நாலு நாளில் வலி போனதும் மருந்தை மூடி வைத்துவிட்டார். அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். வலி நின்றாலும் சீட்டில் உள்ள நாள் கணக்கை முடிக்க வேண்டும். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்.

அடுத்து தேதி. பாட்டிலில் அச்சடித்த காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கு. மூடி திறந்தபின் ஒரு மாதம்தான் அதற்கு ஆயுள். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டில்மேல் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம்: அக்காவுக்கு வந்தது என்ன, உங்களுக்கு வந்திருப்பது என்ன? காது மருந்து என்று கடையில் அடுக்கியிருப்பதில் பாக்டீரியாவுக்கானது, பூஞ்சைக்கானது, குறும்பியை இளக்குவது என்று பல ஜாதி உண்டு. எல்லாம் ஒரே உயரம், ஒரே மாதிரி மூக்கு. அதிலும் ஜென்டாமைசின், நியோமைசின், டோப்ராமைசின் என்ற வகையறா மருந்துகள், பறை முழுசாக இருக்கிற காதில் நல்ல வேலைக்காரர்கள். பறையில் ஓட்டை இருந்தால் அதே மருந்து நடுக்காதைத் தாண்டி உள்காது வரை போய், ஒலியை உணரும் மயிரிழைச் செல்களைக் கெடுக்கக்கூடும். அந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் டாக்டர் முதலில் விளக்கை வைத்து உள்ளே பார்க்கிறார், பிறகு பேனாவை எடுக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் போய் "காதுவலிக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று கேட்கிறபோது, அந்த விளக்கைத் தாண்டிக் குதிக்கிறீர்கள்.

பாட்டிலைத் தூக்கிப்போடுங்கள். மனசு வராவிட்டால் அக்காவிடமே திருப்பிக் கொடுத்து, அவரைப் போடச் சொல்லுங்கள், குப்பையில்.

கே: பறையில் ஓட்டை இருக்கிறதா என்று நமக்கே எப்படித் தெரியும்?
— விவரமானவர், பொள்ளாச்சி

ப: உறுதியாகத் தெரியாது. சந்தேகப்படலாம். சின்ன வயதிலிருந்து சளி பிடித்தால் காது ஒழுகும் என்பவர், கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறை வாங்கியவர், பயங்கரமாக வலித்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்று சீழ் கொட்டியது என்பவர், காதில் ஆபரேஷன் செய்தவர் எல்லாரும் மருந்து வாங்கும்முன் அதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு அடையாளம் உண்டு: காதில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தால் பறையில் வழி இருக்கிறது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் இறங்குகிறது, அதன் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கசந்ததும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ஓட்டை இருக்கிறவர்களுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற, உள்காதுக்குத் தீங்கில்லாத மருந்துகளை எழுதுவார்கள்.

கே: சீட்டில் 'காதில் விடவும்' என்று எழுதியிருக்கிறது. கடையில் கொடுத்த டப்பாவில் 'கண் சொட்டு மருந்து' என்று இருக்கிறது. யார் தூங்கிவிட்டார்கள்?
— டப்பா படிப்பவர், புதுக்கோட்டை

ப: யாரும் தூங்கவில்லை. கண்ணுக்கான மருந்தைக் கிருமியே இல்லாமல், எரியாதபடி தயாரிக்க வேண்டும். அவ்வளவு சுத்தமானதைக் காது மறுக்காது. சில மருந்துகள் கண்-காது இரண்டுக்கும் என்றே வருகின்றன. டாக்டர் சொன்னால் கண் மருந்து காதுக்குப் போகலாம். காது மருந்து மட்டும் ஒருநாளும் கண்ணுக்குப் போகக் கூடாது. ஒருவழிப் பாதை.

ராத்திரி கரண்ட் போன நேரத்தில், கண்ணாடியும் போடாமல், ஒரே டப்பாவில் துழாவி எடுத்துத்தான் இந்த விபத்து நடக்கிறது. காது மருந்தைத் தனி இடத்தில் வையுங்கள். கண்ணில் விழுந்துவிட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் விட்டுக் கழுவிக்கொண்டு கண் டாக்டரிடம் ஓடுங்கள். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு.

கே: ஒரு மாதமாகக் காது மருந்து விடுகிறேன். வலி போய், அரிப்பு வந்துவிட்டது. தாங்க முடியாத அரிப்பு. மருந்தைக் கூட்டலாமா?
— அரிப்புக்காரர், நாகப்பட்டினம்

ப: கூட்டுவதா! நிறுத்துங்கள். ஒரு மாதம் விடச் சொல்லி யார் எழுதியது?

பாக்டீரியாவை மருந்து காலிசெய்துவிட்டது. திண்ணையில் காத்திருந்த பூஞ்சை, வீடு காலி என்று உள்ளே வந்துவிட்டது. கடலோர ஈரக்காற்று அதற்கு விருந்து. உள்ளே எட்டிப் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கி அடைத்த மாதிரி இருக்கும். மேலே கறுப்புப் புள்ளி தூவியிருந்தால் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர். இதற்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு உரம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னும் நல்ல உரம். டாக்டர் அதை உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டு, குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து கொடுப்பார். இரண்டு வாரம் பிடிக்கலாம். சுத்தம் செய்யாமல் சொட்டு மட்டும் விட்டால் செய்தித்தாள் நனையும், அவ்வளவுதான்.

மருந்து வழிந்த தடம் பூராவும் (மடல், காதின் கீழ்நுனி, கழுத்து) சிவந்து நீர் கசிந்தால் அது வேறு. மருந்தே ஒவ்வவில்லை. நியோமைசினுக்கு இந்தக் கெட்ட பெயர் நிறைய.

கே: பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்க்கு முன்னால் உங்கள் சிப்ரோ எம்மாத்திரம் என்று எங்கள் பாட்டி கேட்கச் சொன்னார்.
— பேத்தி, மணப்பாறை

ப: பாட்டிக்கு வணக்கம். எனக்கும் ஒரு பாட்டி இருந்தார். எனக்கு ஒன்பது வயது. காதுவலி என்று அழுதபோது இரும்புக் கரண்டியில் எண்ணெய் காய்ச்சி, சூடு பதமா என்று விரல் நுனியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். தோசைக்கல்லில் வெறுங்கையால் தோசை திருப்புகிற விரல் அது. அதற்குப் பதமாக இருந்தது, என் காதுக்கு இல்லை. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில்தான் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

வீங்கிய காதில் எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கும், டாக்டர் பார்ப்பதை மறைக்கும், பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கும். தாய்ப்பாலும் அப்படியே, கிருமிக்கு அது ஊட்டம். எண்ணெய்க்கு ஒரே ஒரு நல்ல வேலை உண்டு. காதுக்குள் உயிரோடு பூச்சி நுழைந்து படபடத்தால், பறை நன்றாக இருக்கிறவருக்கு, சூடாக்காத தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கிவிடும். பிறகு டாக்டர் எடுப்பார்.

இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை காதில் எது போனாலும் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். பயறு, புளியங்கொட்டை போயிருந்தால் தண்ணீர் படக் கூடாது, ஊறிப் பெருத்துவிடும். பொம்மைக்குள் இருக்கிற பொத்தான் பேட்டரி போயிருந்தால் எந்தச் சொட்டும் விடக் கூடாது, ஈரம் பட்டால் அது தோலை அரித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். அன்றே, அந்த மணியே ஆஸ்பத்திரி.

கே: மகனுக்கு இரண்டு வயது. மருந்து பாட்டிலைப் பார்த்தாலே வீடே ரெண்டாகிறது.
— அம்மா, சேலம்

ப: உங்கள் மடியில் படுக்க வையுங்கள், கன்னம் உங்கள் தொடையில். மூன்று வயதுக்குள் காதுமடலை மேலே இழுக்காமல் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். குழந்தைக் குழாயின் வளைவு வேறு. ஐந்து நிமிடக் கதை ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காக்கா வடை சுட்ட பாட்டியிடம் போய்ச் சேர்வதற்குள் மருந்து பறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கே: குளிக்கலாமா? தலைக்கு ஊற்றலாமா?
— வெள்ளிக்கிழமைக்காரர், சிதம்பரம்

ப: உடம்புக்குத் தாராளமாக. தலைக்கு ஊற்றியே ஆக வேண்டுமென்றால் பஞ்சு உருண்டையில் வாசலின் தடவி, துளை வாயில் மட்டும் மூடிக்கொண்டு ஊற்றுங்கள். குளித்ததும் பஞ்சை எடுத்துவிடுங்கள். கிணறு, குளம், கடல், அருவிக்கெல்லாம் மருந்து முடியும்வரை லீவு. ஏர்பட்ஸுக்கும். காது கேட்கும் கருவி போடுகிறவர்கள் அதைக் கழற்றி வைத்து, அச்சைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

கே: பட்ஸ் போடாமல் ஒரு மனிதன் எப்படி சார் வாழ்வது? அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியாது.
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ப: தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர் 1923-இல் அமெரிக்காவில் இதை விற்க ஆரம்பித்தார், குழந்தை பராமரிப்புக்காக. இன்று அந்த டப்பாவிலேயே 'காதுக் குழாய்க்குள் விடாதீர்கள்' என்று எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். வாங்குகிற எல்லாரும் நேராக அங்கேதான் விடுகிறோம்.

காதுத் தோலுக்கு ஒரு விசேஷம் உண்டு. பறையில் தொடங்கி வெளியை நோக்கி, நகம் வளர்கிற வேகத்தில் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். குறும்பியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போகும். நீங்கள் பட்ஸை விட்டு, பாவம், அது மாதக்கணக்கில் சுமந்து வந்ததைத் திரும்பப் பறை வரை தள்ளிவிடுகிறீர்கள். வாசலுக்கு வந்ததைத் துண்டு நுனியால் துடையுங்கள். ஊக்கு, சாவி, தீக்குச்சி, கோழி இறகு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கே: வயது 68. இருபது வருஷமாகச் சர்க்கரை. வலது காதில் ஒரு மாதமாக வலி. ராத்திரியில்தான் அதிகம், படுக்க முடியவில்லை. கடையில் மாற்றி மாற்றி மூன்று சொட்டு மருந்து வாங்கி விட்டாயிற்று. இப்போது மென்று சாப்பிட்டாலும் வலிக்கிறது. நாலு நாளாக வலது பக்கம் வாய் லேசாகக் கோணுகிறது. வேறு நல்ல சொட்டு மருந்து எழுதவும்.
— மேலூர்

ப: ஐயா, உங்களுக்கு நான் சொட்டு மருந்து எழுத மாட்டேன்.

1959-இல் மெல்ட்சர், கெலமென் என்ற இருவர் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 1968-இல் சாண்ட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தனி நோயாக வகுத்துப் பெயர் வைத்தார். வெளிக்காதில் தொடங்கும் அதே சூடோமோனாஸ், சர்க்கரையால் ரத்த ஓட்டம் குறைந்த காதில் தோலோடு நிற்காமல் மண்டையோட்டின் அடி எலும்புக்குள் அரித்துக்கொண்டு போகும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் வருகிறது. வாய் கோணுவது அதனால் இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல, மருந்துக்குக் கேட்கும். ஆனால் சொட்டாக இல்லை, ஸ்கேன் எடுத்துப் பார்த்து வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் யாரும் உங்கள் காதில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ விடாதீர்கள்.

நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களில் யாருக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் காதுவலி வந்தாலும் இந்தப் பதில் அவர்களுக்கும்தான்.

உங்கள் கடிதத்தில் போன் நம்பர் இல்லை, தெருப் பெயர் இல்லை. தபால் முத்திரையில் தேதி பார்த்தேன், ஒன்பது நாள் ஆகிவிட்டது. மேலூரிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. இந்த இதழ் கைக்கு வந்த அன்றே கிளம்புங்கள். மேலூரில் இதைப் படிப்பவர்களே, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, வாய் ஒரு பக்கம் கோணி, டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுங்கள். அவராக இருந்தால் பஸ் ஏற்றிவிடாமல், கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள்.